மண்மலரும் மறவா நெஞ்சும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதையில் விருத்தாசலம் சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம் சென்று பூவராஹப் பெருமானைச் சேவிக்கும் அன்பர்கள் பலர். முதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட அவ்வூரில் பழமலைநாதர் திருக்கோயிலின் கோபுரங்களையும், மணிமுத்தாற்றின் மணற்பரப்பையும் யாத்திரிகர் கண்குளிரக் காண்பர். ஆனால் அவ்வூருக்கு மற்றொரு புகழுமுண்டு. அது பீங்கான் தொழில். பொம்மைகள், அகல் விளக்குகள், ஊறுகாய் ஜாடிகள், மின்சாரப் பலகைகளில் பொருத்தப்படும் பீங்கான் உறுப்புகள் எனப் பலவும் அங்குள்ள சூளைகளிலிருந்து வெளிவந்து நாடெங்கும் செல்கின்றன. இத்தொழிலுக்கென ஒரு தொழிற்பேட்டையும், இதனைக் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் அவ்வூரில் அமைந்துள்ளன. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேற்படலமாகக் கிடக்கும் வெண்களிமண், கரியைத் தேடி நிலத்தை அகழ்ந்தபோது உடன் கிடைத்த செல்வமாகும்.

விடியற்காலையில் மண்கூழைக் கலக்கத் தொடங்கி, இரவில் சூளையின் வெப்பத்தைக் காத்து நிற்கும் தொழிலாளி ஒருவர்க்குத் தியானம் என்ற சொல் என்ன பொருள் தரும்? தியானம் என்றவுடன் மலைக்குகையும், மான்தோலும், மூடிய விழிகளுமே பலர் நினைவில் தோன்றுகின்றன. “பொழுது இருப்பவர்க்கே அது, உழைத்து உண்பவர்க்கு அன்று” என்ற எண்ணமும் உடன் எழுகிறது. இவ்வெண்ணம் தொழிலாளரிடம் மட்டும் உள்ளதன்று. அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், வகுப்பில் பாடம் நடத்துபவர், அடுக்களையில் நாளெல்லாம் நிற்கும் மாதர் ஆகிய அனைவரிடமும் உள்ளது. விழாக் காலத்தில் பெருமாளைக் கண்ணாரச் சேவித்துவிட்டு, ஊர் திரும்பியதும் அந்நினைவு ஒரு வாரம்கூட நிலைப்பதில்லையே என வருந்தாதவர் அரியர். ஆதலின் இவ்வையத்தைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் தகும்.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் இவ்வினா புதியதன்று. விருத்தாசலத்தை உள்ளடக்கிய இதே கடலூர் மாவட்டத்தில், வீரநாராயணபுரம் எனப்பெறும் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த ஸ்ரீமந்நாதமுனிகளின் காலத்திலேயே இது எழுந்துவிட்டது. நாதமுனிகள் திவ்யப் பிரபந்தங்களை மீட்டளித்தவர் என்பதை யாவரும் அறிவர். அவர் பெரும் யோகியும் ஆவார் என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. யோகரஹஸ்யம் என்னும் நூலை அவர் இயற்றினார் என்பர். அந்நூல் இன்று கிடைப்பதில்லை. அவருடைய சீடர்களுள் குருகைக் காவலப்பன் யோகத்தை வேண்டிப் பெற்றார். உய்யக்கொண்டாரிடம், “உமக்கு வேண்டுவது யாது?” என்று ஆசார்யர் வினவியபோது, இல்லத்தில் இழவு கிடக்கையில் ஒருவன் மட்டும் மணக்கோலம் கொள்வது தகுமோ என்ற கருத்துப்பட விடையிறுத்தார் என்று குருபரம்பரை கூறும். உலகோர் துயரத்தில் உழல, தாம் மட்டும் தனித்திருந்து யோகானந்தம் துய்க்க அவர் திருவுள்ளம் இசையவில்லை. பிரபந்தங்களையும் அவற்றின் பொருளையும் உலகுக்கு எடுத்துரைக்கும் பணியையே அவர் ஏற்றார்.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையுடையது. நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார், அந்த யோக ரஹஸ்யத்தைத் தாமும் பெற வேண்டிக் காவலப்பனிடம் சென்றார். தாம் உடலை நீக்கவிருக்கும் நாளுக்குச் சற்று முன்னதாக ஒரு நாளைக் குறித்து, அன்று வந்து பெற்றுக்கொள்ளுமாறு காவலப்பன் அருளினார். நாட்கள் சென்றன. ஆளவந்தார் திருவனந்தபுரத்துப் பெருமானைச் சேவிக்கும் ஆர்வம் மேலிட்டு அங்கு எழுந்தருளினார். சேவித்து நின்ற வேளையில்தான் குறித்த நாள் அன்றே என்பது அவர் நினைவுக்கு வந்தது. இடைப்பட்ட தொலைவை ஒரே நாளில் கடக்க வானவூர்தி ஏதும் இல்லையே என வருந்தினாராம். யோக ரஹஸ்யம் காவலப்பனோடு மறைந்தது.

இதனைக் கேட்போர் பெரும் இழப்பெனக் கருதுவர். இழப்புத்தான், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அரங்கனையும் அனந்தனையும் அடியார் குழாத்தினையும் நடுவே வைத்து வளர்ந்த ஸம்ப்ரதாயம், அதன்பின் ஒரு குறைவுமின்றித் தழைத்தது என்பதையும் எண்ணவேண்டும். குகைக்குள் ஒருவர் ஒருவர்க்குச் செவியில் உரைத்த தியானம் மறைந்தது. ஊர் நடுவே பலர் கூடிப் பயின்ற நினைவு மறையவில்லை.

இவர்கள் வழிவந்த ஸ்ரீராமாநுஜர் (1017–1137), தியானம் என்பதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் கூறும் இலக்கணம் மிக எளியது. இடையறாத நினைவே தியானம். எண்ணெயை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றிற்கு ஊற்றும்போது, நீர்போல் சிதறாமலும் துளித்துளியாக அறாமலும் ஒரே தாரையாக ஒழுகுகிறதன்றோ? அவ்வாறு அன்போடு கூடி ஒழுகும் நினைவு அது. இதில் இருக்கையைப் பற்றியோ, மூச்சைப் பற்றியோ பேச்சில்லை என்பது கருதத்தக்கது. அவை வேண்டா என்பதன்று. உயிர்நாடி அவையன்று என்பதே கருத்து. மேலும், இந்நினைவு திடீரென ஒருவர்க்குக் கைகூடாது என்பதை நன்குணர்ந்த அம்மகான், வாக்யகாரர் எனப்படும் பண்டைய ஆசிரியர் வகுத்த ஏழு சாதனங்களை எடுத்துக்காட்டியருளினார். அவை விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன. சரணாகதி செய்தவர்க்கு இவை வீடுபேற்றுக்கான உபாயம் அல்ல என்று பெரியோர் விளக்குவர். எனினும் அடியவர் வாழ்வு எவ்வாறு அமைதல் அழகு என்பதை இவ்வேழும் காட்டும் என்பதில் எவர்க்கும் வேறுபாடில்லை.

முதலாவதாகிய விவேகம் உணவைப் பற்றியது. இயல்பிலேயே விலக்கத்தக்க உணவு, தகாத இடத்திலிருந்து வந்த உணவு, தூய்மை கெட்ட உணவு ஆகிய மூன்றையும் நீக்கி உண்ணுதல். இவற்றுள் இரண்டாவதை இக்காலத்தில் பலர் மறந்துவிட்டனர். தட்டிலுள்ளது தூய காய்கறியாகவே இருக்கலாம். அதை வாங்கிய பணம் எவ்வாறு வந்தது என்ற வினாவும் விவேகத்தைச் சார்ந்ததே. விமோகம் என்பது விருப்பங்களின் பிடியில் சிக்காதிருத்தல். கிரியை என்பது நாள்தோறும் செய்யவேண்டிய வழிபாடு, விருந்தோம்பல் முதலிய கடமைகளைச் செய்தல். ஆனால் ‘இயன்ற அளவு’ என்ற சொல் அதன் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது. நம் முன்னோர் எத்துணைக் கருணையோடு இதனை வகுத்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்று.

அப்யாஸம் என்பது தியானத்திற்குரிய பொருளில் மனத்தை மீண்டும் மீண்டும் பழக்குதல். பீங்கான் கூடத்தில் பொம்மை வார்ப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்கவே வேண்டா. நீர்த்த மண்கூழைப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சுக்குள் ஊற்றுகின்றனர். அச்சு சிறிது சிறிதாக நீரை உறிஞ்சுகிறது. நீர் இறங்கிய இடத்தில் மண் அச்சின் உட்சுவரையொட்டி மெல்லிய தோலாகப் படிகிறது. கூழின் மட்டம் தாழத் தாழ மேலும் ஊற்றி நிரப்புகின்றனர். தோல் வேண்டிய தடிப்பை அடைந்தவுடன் எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடுகின்றனர். முந்திக் கவிழ்த்தால் பொம்மை நொறுங்கும். பிந்தினால் கனத்துப் பயனற்றுப் போகும். இதில் எவரும் மண்ணை அச்சின் மீது அழுத்துவதில்லை. செய்யவேண்டியவை, நிரப்புவதும் பொறுத்திருப்பதுமே. இறைநினைவும் மனச்சுவரில் இவ்வாறே படிகிறது. ஒரு நாள் இரண்டு மணி நேரம் வலிந்து அமர்ந்துவிட்டு அடுத்த பத்து நாட்கள் மறந்திருப்பதினும், நாள்தோறும் சில நிமிடங்கள் மட்டம் தாழாமல் நிரப்பி வருதலே மேலானது.

மற்றொன்றும் அங்கே காணலாம். தொடர்ந்து பல முறை வார்த்த அச்சு ஊறிப்போய்விடும். அதன்பின் எவ்வளவு கூழ் ஊற்றினாலும் நீரை உறிஞ்சாது. அதனை எடுத்து உலர வைத்தே மீண்டும் பயன்படுத்துவர். ஓய்வின்றி உழைத்து ஊறிப்போன மனத்தோடு தியானத்தில் அமர்ந்து, “மனம் ஒருமைப்படவில்லையே” என்று தம்மைத் தாமே கடிந்துகொள்வோர் இதனை நினைவிற்கொள்வது நன்று. அவர்களுக்கு அவ்வேளையில் வேண்டுவது உறக்கமேயன்றி வேறன்று.

ஐந்தாவதான கல்யாணம் என்பது வாய்மை, நேர்மை, இரக்கம், ஈகை, பிறர்க்குத் தீங்கு செய்யாமை, பிறர் பொருளை விரும்பாமை ஆகிய நற்குணங்களின் தொகுதி. இதனைத் தொழிலாளிக்கு மட்டும் உபதேசித்தல் பொருந்தாது. உழைப்பே தவம், உழைப்பே வழிபாடு என்று பிறர்க்கு எடுத்துரைப்போர், உழைத்தவர்க்குரிய கூலியை உரிய நாளில் தருகின்றனரா என்பதையும் பார்க்கவேண்டும். பீங்கான் மண்ணின் நுண்தூசி நெஞ்சில் படிந்தால் நோய் தரும். அதனைத் தடுக்கத் தரையை ஈரமாக வைத்தலும், மூக்கை மூடும் துணியுறை தருதலும் இரக்கம் என்னும் குணத்தின் செயல்வடிவங்களே. அவை இன்றி நடக்கும் கூடத்தில் பெருமாள் படத்திற்கு நாள்தோறும் மாலை சாற்றுவதால் கல்யாணம் நிறைவடைந்துவிடாது.

இறுதி இரண்டும்தாம் மிக நுட்பமானவை. அநவஸாதம் என்றால் சோர்வுறாமை. இடமும் காலமும் ஒத்துவராமையாலும், துயரம் தந்தவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்தலாலும் மனம் தன் ஒளியை இழந்து மழுங்கிப்போகும் நிலையே அவஸாதம் என்று ஆசிரியர் இலக்கணம் கூறுகிறார். மெருகு ஏறாத பாண்டம்போல் மனம் மங்கிவிடுதல் என்று கொள்ளலாம். அநுத்தர்ஷம் இதற்கு மறுதலை. அளவுகடந்த களிப்பில் துள்ளாமை. சோர்வு தியானத்திற்குத் தடை என்பதை எவரும் ஒப்புவர். களிப்பும் தடையே என்பதுதான் வியப்பு. விழா நாட்களில் மிகுந்த உற்சாகத்தோடு, “நாளை முதல் பிரம்ம முஹூர்த்தத்தில் எழுவேன், ஆயிரம் முறை நாமம் சொல்வேன்” என உறுதி பூணுவோரின் நிலையை எண்ணினால் இதன் உண்மை விளங்கும். அக்களிப்பு வடிந்தவுடன் உறுதியும் வடிந்துவிடுகிறது. களிப்பின் மேல் எழுப்பியது களிப்போடு போவது இயல்பே.

சூளை வேலை அறிந்தவர்கள் இவ்விரண்டையும் நன்கறிவர். பச்சைப் பாண்டங்களை அடுக்கித் தீ மூட்டியவுடன் வெப்பத்தை விரைந்து ஏற்றினால், மண்ணில் மறைந்திருக்கும் ஈரம் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும். எனவே தொடக்கம் மிக மெதுவாகவே இருத்தல் வேண்டும். மண்ணோடு கலந்த படிகக்கல், ஏறத்தாழ 573 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திடீரெனச் சிறிது விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவ்வெல்லையை ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானமாகக் கடக்கவேண்டும். 1,200 பாகையைத் தாண்டிய வெப்பத்தையும் தாங்கி, மெருகு உருகி, கண்ணாடிபோல் மின்னி நிற்கும் பாண்டம், அனைத்தும் முடிந்தபின் ஆர்வ மிகுதியால் கதவை முன்னதாகத் திறந்தால், குளிர்காற்றுப் பட்டுக் கீறல் விட்டுவிடும். தீயில் உடையாதது, தீ அணைந்தபின் அவசரத்தால் உடைகிறது. பெரிய சூளைகளில், சுடுவதற்குக் காத்திருந்தவர் ஆறுவதற்கும் மீண்டும் அத்துணைப் பொறுமையோடு காத்திருக்கவேண்டும். ஒரு சூளைப் பாண்டங்கள் நன்றாக வெந்தன என்று துள்ளாமலும், அடுத்த சூளையில் பாதி ஓடாயின என்று தளர்ந்து விழாமலும் மறுநாள் மண்ணைக் கலக்கத் தொடங்குபவர், அநவஸாதம் அநுத்தர்ஷம் என்ற சொற்களைக் கேட்டறியாராயினும் அவற்றைப் பயின்றவரே ஆவர்.

மண்தொழில் புரிந்தவாறே எம்பெருமானை உகப்பித்த அடியவர் ஒருவரை ஸம்ப்ரதாயம் போற்றுகிறது. அவர் குரும்பறுத்த நம்பி. குரவ நம்பி என்றும் வழங்குவர். திருவேங்கடமலையைச் சார்ந்த ஊரில் வாழ்ந்த குயவர் அவர். பானை வனைவதே பொழுதாகக் கழிந்தமையால், நந்தவனம் சென்று மலர் பறித்து வரவோ, திருமலையேறிச் சேவிக்கவோ அவர்க்கு இயலவில்லை. வேலை முடிந்ததும், கையில் ஒட்டியிருந்த மண்ணையே மலராக உருட்டி, இல்லத்தில் எழுந்தருளப் பண்ணியிருந்த பெருமானின் திருவடியில் இட்டு வந்தார். அந்நாளில் தொண்டைமான் சக்கரவர்த்தி திருவேங்கடவனுக்குப் பொன்மலர்களைச் சமர்ப்பித்து வந்தான். காலையில் சந்நிதி திறந்தால், தான் இட்ட பொன்மலர்களின் மேல் மண்மலர்கள் கிடக்கக் கண்டு திகைத்தான். அவை குயவர் இட்டவை என்பதை எம்பெருமானே அவனுக்கு உணர்த்தியருளினான். மன்னன் அவர் குடிசை தேடிச் சென்று வணங்கினான் என்பது வரலாறு. திருவேங்கடவனுக்கு இன்றளவும் புதிய மண்ணோட்டில் தயிர்ச்சாதம் அமுது செய்விக்கப்படும் வழக்கத்தை இவரோடு இணைத்துக் கூறுவோரும் உளர். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை எடுத்துரைத்த அடியார் வரிசையிலும் இவர்க்கு இடமுண்டு.

இவ்வரலாற்றைப் பலர் பிழைபட உணர்கின்றனர். “குயவர் தம் தொழிலையே வழிபாடாகச் செய்தார், ஆகவே நம் தொழிலை ஒழுங்காகச் செய்தால் போதும், தனியே வழிபாடு எதற்கு?” என்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. நம்பி வனைந்த பானைகள் சந்தைக்குச் சென்றன. திருவடிக்குச் சென்றவை அப்பானைகள் அல்ல. பகலெல்லாம் உழைத்துக் களைத்தபின், கை கழுவுமுன், எஞ்சிய சிறிதளவு மண்ணைக் கொண்டு, விலைபோகாத ஒன்றைத் தனியே செய்தாரே, அதுவே திருமலைக்குச் சென்றது. அவர் தொழிலை விடவுமில்லை. தொழிலே போதும் என்று இருந்துவிடவுமில்லை. பொழுதின்மையை ஒரு காரணமாகக் காட்டாமல், கையிலிருந்த மண்ணையே மலராக்கினார். நல்லவண்ணம் தொழில் புரிதல் பெருஞ்சிறப்பே. எனினும் அதனை நினைவுக்கு மாற்றாக வைத்தல், கூழ் ஊற்றாமல் அச்சை மட்டும் துடைத்து வைப்பது போன்றது.

நாட்பொழுதை அடியவர் எவ்வாறு பகுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்குப் பாஞ்சராத்ரம் ஐந்து காலங்களை வகுத்துள்ளது. காலையில் எம்பெருமானை அணுகி அன்றைய நாளை அவனிடம் ஒப்படைத்தல் அபிகமனம். வழிபாட்டிற்கும் வாழ்விற்கும் வேண்டிய பொருள்களை ஈட்டுதல் உபாதானம். ஆராதனம் இஜ்யை. நூல்களை ஓதுதல் ஸ்வாத்யாயம். இரவில் அவன் திருவடியை நினைந்து அதிலேயே ஒடுங்குதல் யோகம். பொருளீட்டுதல் வழிபாட்டிற்குப் புறம்பான ஒன்றாக இதில் தள்ளப்படவில்லை. ஐந்தனுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. முறைப்பணி மாறி மாறி வரும் இக்காலத் தொழிலாளர்க்கு இவற்றை நூலில் உள்ளவாறே கடிகாரத்தோடு ஒட்டிக் கடைப்பிடித்தல் அரிது. எழுந்தவுடன் கைகூப்பும் கணம், பணிக்கூடத்தின் வாயிலைக் கடக்கும் கணம், உண்ணுமுன் உள்ள கணம், ஒரு பாசுரமேனும் ஓதும் கணம், கண் அயருமுன் உள்ள கணம் என இவ்வைந்தையும் ஐந்து நினைவுகளாகவேனும் கொள்ளலாம். இரவுப்பணி புரிவோர்க்கு யோக காலம் பகலில் வரும், அவ்வளவே வேறுபாடு. இவற்றுள் கடைசியான உறக்கத்திற்கு முன்னுள்ள நினைவைப் பெரியோர் பெரிதும் வற்புறுத்துவர். நாள் முழுவதும் கலக்கப்பட்ட மனம் தெளிந்து, எது படிகிறதோ அதுவே அடியில் தங்கும் வேளை அது.

எல்லாம் முயன்றும் அந்திமக் காலத்தில் நினைவு தவறிவிட்டால் என் செய்வது என்ற அச்சம் முதியோர் பலர்க்கு உண்டு. நோயும் மயக்கமும் வந்து மூடும்போது தியானம் எங்ஙனம் நிலைக்கும்? இவ்வினாவிற்குரிய விடையை நிலமகளுக்கு அருளியவன், ஸ்ரீமுஷ்ணத்தில் இடுப்பில் கை வைத்த திருக்கோலத்தில் சேவை சாதிக்கும் அப்பூவராஹனே. வராஹ சரம ச்லோகம் எனப் பெயர் பெற்ற அத்திருவாக்கின் கருத்து இது: உடல் கட்டுக்குலையாமலும் மனம் தெளிவாகவும் இருக்கும் நாளில் எவன் என்னை நினைக்கிறானோ, அவன் பின்னொரு நாள் கட்டையும் கல்லும்போல் நினைவற்றுக் கிடக்கும் வேளையில், நான் அவனை நினைக்கிறேன், நானே அவனை உயர்கதிக்கு அழைத்துச் செல்கிறேன். இதன் பொருளை விரித்து ரஹஸ்ய சிகாமணி என்னும் நூலை அருளியவர் ஸ்வாமி வேதாந்த தேசிகர். அவர் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த திருவஹீந்திரபுரமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. கொத்தனார் ஒருவர் கோணல்மாணலான செங்கற்களைக் கொடுத்துச் சோதிக்க, அவற்றைக் கொண்டே அவர் தம் கையால் கட்டியதாகக் கூறப்படும் கிணற்றை அங்கு இன்றும் சேவிக்கலாம். ஸகல சாஸ்திரங்களையும் கரை கண்ட அத்திருக்கைகளிலும் ஒரு நாள் மண் ஒட்டியிருந்தது.

நினைக்கவேண்டிய நாள் முதுமையன்று, உடல் உழைக்க வல்லதாயிருக்கும் இந்நாளே என்பது இத்திருவாக்கினால் பெறப்படுகிறது. சூளையடியில் நிற்பவர்க்கும், அடுக்களையில் நிற்பவர்க்கும், வயலில் நிற்பவர்க்கும் “பொழுதில்லை” என்று தோன்றும் நாட்களே அந்நாட்கள்.

விழா நிறைவுற்று விருத்தாசலம் வழியே ஊர் திரும்பும் சேவார்த்திகள், பீங்கான் அகல் ஒன்று வாங்கினால் அதனைக் கவிழ்த்துப் பார்க்கலாம். மேற்புறமெல்லாம் மெருகு மின்னும். அடிப்புறத்தில் ஒரு வட்டம் மட்டும் மெருகின்றிச் சொரசொரப்பாக இருக்கும். மெருகில் தோய்த்தபின், சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, ஒவ்வொரு விளக்கின் அடியையும் தொழிலாளி தம் கையாலேயே துடைத்து எடுத்த இடம் அது. அங்கே தொட்டால் மண்ணைத் தொடலாம்.